நாற்பத்து நாலு பல்

பொத்தானக்காவுக்கு இதுவரை நாற்பத்து நாலு பல் பிடுங்கியாகிவிட்டது. தையல் கூடத்து லீவு நோட்டு அப்படித்தான் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் லீவு, காரணம்: பல். பதினோரு வருஷமாக ஒரு தடவையும் தவறியதில்லை. மனுஷப் பிறவிக்கு முப்பத்திரண்டு என்று ஒரு வரம்பு இருக்கிறது. அத்தனையும் பிடுங்கி முடித்து, பிறகு புதிதாகப் பன்னிரண்டு முளைத்து, அவற்றையும் பிடுங்கியிருந்தால்தான் அந்த நோட்டு நியாயமாகும். அவள் சிரிக்கும்போது பார்த்தாலோ ஒன்றும் குறையாது.

யார் யார் எப்போது லீவு, என்ன காரணம் என்று காலையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பது அங்கே சுவரில் ஒட்டிய விதி. வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டுமே. பதினோரு வருஷமாக சூப்பர்வைசர் "பல்" என்று படித்தாள், மற்றவர்கள் "பாவம்" என்றார்கள், அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்கிறவளுக்குத்தான் அதில் கூச்சம். கேட்டுக்கொள்கிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

அது டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு தைக்கிற கூடம். இரண்டு வரிசையாகப் பதினாலு மிஷின், நடுவில் வெட்டு மேஜை, ஓரத்தில் டீக்குப் பதினாறு எவர்சில்வர் டம்ளர். பட்டன் துளை போட்டுப் பட்டன் வைப்பது அக்காவின் வேலை. கோட்டு எத்தனை கை மாறி வந்தாலும் கடைசிக் கை அவளுடையது. ஒரு நாள் மின்சாரம் போய்க் கூடமே இருட்டானபோதும் அவள் கை நிற்கவில்லை. வெளிச்சம் வந்து பார்த்தால் பதினெட்டுப் பட்டன் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் நின்றன. பத்தொன்பதாவதை மட்டும் தன் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்திருந்தாள். அதுவும் நேராகத்தான் இருந்தது.

அந்தக் கூடத்தில் சிவப்பு நூல் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். குறையுள்ள கோட்டில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். போட்டவரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தைத்தவர் முகத்தைப் பார்த்துக் குறையைச் சொல்லவேண்டும். பேசித் தீர்ந்தபின்தான் முடிச்சு அவிழும். அதுவரை உருப்படி வாசல் தாண்டாது. முதலாளியே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. அதற்கு முன்னால் ஆளுக்காள் முதுகுக்குப் பின்னால் நூலைக் கட்டிவிட்டு ஓடினார்களாம். அதனால் மூண்ட சண்டையில் ஒரு இஸ்திரிப் பெட்டி ஜன்னல் வழியாகப் பறந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் தேய்த்துவிட்டுத்தான் நின்றதாம். விதி அன்று சாயங்காலம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை டீ நேரத்தில் அக்கா தன் டம்ளரை எடுத்தாள். அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். பதினைந்து பேர் டீயை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து அவள் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை அவள் நாற்காலிக் காலில் ஒரு முடிச்சு. புதன்கிழமை கக்கூஸ் இரண்டில் ஒன்றின் தாழ்ப்பாளில் ஒரு முடிச்சு. இனிமேல் அது உனக்கு என்று அர்த்தம். பக்கத்து மிஷினில் உட்காரும் காலர்க்காரி, ஏழு வருஷமாக அக்கா தோளில் சாய்ந்து மாமியார் கதை அழுதவள், தன் மிஷினை இரண்டு முழம் தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரும்பு மிஷின். இழுக்கும்போது தரை அலறியது. இழுத்தவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் சூப்பர்வைசருக்கு டேப்பம்மா என்று பெயர். போன வாரம் அவள் தன் மாமியாரைக் கண் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே எச்.ஐ.வி. சிகிச்சை என்று போர்டு போட்ட அறையிலிருந்து, பல் பிடுங்கப் போன பொத்தானக்கா கையில் மாத்திரை டப்பாவோடு வெளியே வந்தாள். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மருமகளுக்கு நன்றாகவே தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுவது அவர் தொழில்.

"என்னங்க, அங்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் உடனே எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் குழாய் ஓடவேண்டும். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்குக் காது நீளம். பதினோரு வருஷத்தில் இப்படி ஓடிய தண்ணீரைத் தேக்கியிருந்தால் ஒரு குளம் வெட்டிப் படகு விட்டிருக்கலாம்.

"யாருக்குத் தெரிஞ்சுபோச்சு?"

"எல்லாருக்கும். டம்ளர்ல நூல் கட்டறாங்க. நாற்காலியில கட்டறாங்க. கழிச்சுக் கட்டின கோட்டு மாதிரி உக்காந்திருக்கேன் நான்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாத்தான் பரவாயில்லையே! ஒருத்தர் வாயத் திறக்கலை."

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார். "பேசாம வேலையிலேருந்து நின்னுக்கோ. வேற கூடம் பாத்துக்கலாம். உன் கைக்கு வேலையா கிடைக்காது?"

"அங்க போய் என்ன சொல்லி லீவு கேப்பேன்? அடுத்த நாப்பத்து நாலு பல்லா?"

"கத்தாதே."

"பதினெட்டு வருஷமா ஒரே தட்டுல சாப்பிடறோம். ஒரே படுக்கை. வருஷா வருஷம் உங்க ரத்தத்தையும் பாக்கறாங்க. உங்களுக்கு வந்துச்சா?"

"இல்லைதான்."

"அப்ப எதுக்குங்க தண்ணியத் திறந்து விடறீங்க?"

குழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை மூடினாள். மூடிய பிறகு வீட்டில் விழுந்த அமைதியைப் பார்த்து இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சளி இல்லை. மேஜைமேல் டைப் அடித்த ஒரு காகிதம்.

"ஏம்மா, எனக்கு உன்மேல ஒண்ணும் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ஆனா கோட்டு வாங்கறவங்க நாளைக்கு ஏதாவது கேட்டா? சொந்தக் காரணத்தால விலகறேன்னு எழுதியிருக்கு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு. கௌரவமாப் போயிடலாம்."

"என்ன சொந்தக் காரணம் சார்?"

"அதான்... சொந்தக் காரணம்."

"காரணம் உங்களுது. சொந்தம் மட்டும் எனக்கா?"

முதலாளி பேனாவை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுக்கக் கை நீட்டியதும், "அதை நீயே வச்சுக்கோம்மா," என்றார் பெரிய தர்மப்பிரபு மாதிரி.

அந்தப் பேனாதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. டம்ளரைப் பொறுத்தாள், நாற்காலியைப் பொறுத்தாள். இருபது வருஷம் தேய்ந்த ஒரு மைப் பேனாவைக் கிருமிக்குப் பயந்து ஒரு மனுஷன் தானம் கொடுத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு, பேனாவை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். சனிக்கிழமை மத்தியானம்தான் அந்த வாரம் தைத்த இருநூற்றுப் பத்துக் கோட்டும் வேனில் ஏறவேண்டிய நேரம். அது முதலாளிக்கு மறந்திருக்கலாம். கடைசிப் பட்டன் வைக்கிறவளுக்கு மறக்காது.

சனிக்கிழமை காலை, கதவு திறக்கும் கட்டிங் மாஸ்டர் சாவியைத் திருப்பும்போதே அக்கா பின்னால் நின்றாள். கையில் புதுச் சிவப்பு நூல்கண்டு.

"என்னம்மா இவ்வளவு சீக்கிரம்?"

"கொஞ்சம் பாக்கி வேலை மாஸ்டர்."

இருநூற்றுப் பத்துக் கோட்டிலும் ஒவ்வொரு முடிச்சு. அவள் எண்ணெய் விட்டிருக்கிறாள் என்பதால் பதினாலு மிஷினிலும். அவள் கழுவியிருக்கிறாள் என்பதால் மீதிப் பதினைந்து டம்ளரிலும். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, ஜன்னல் கம்பி, சுவரில் விதிக்குப் பக்கத்தில் அடித்திருந்த ஆணி, முதலாளி நாற்காலியின் இரண்டு கை, டேப்பம்மா ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்த இஞ்ச் டேப்பில் அங்குலத்துக்கு ஒன்று. ஒரு பூனை வழக்கம்போல் உள்ளே வந்தது. போன மழையில் அவள் அதைத் தூக்கித் துடைத்துவிட்டிருந்தாள். அது வெளியே போகும்போது வாலில் ஒரு முடிச்சோடு போனது.

மாஸ்டர் வெட்டு மேஜையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கடைசியில், "என் கண்ணாடிய நீதானே ஒரு தடவை ஒட்டிக் கொடுத்தே?" என்று கழற்றி நீட்டினார். அதிலும் கட்டினாள்.

எட்டரை மணிக்கு எல்லோரும் வந்தார்கள். வாசலில் கால் வைத்தவர்கள் அங்கேயே நின்றார்கள். வெள்ளைக் கூடம் முழுக்கச் சிவப்புப் புள்ளி. கூடத்துக்கே அம்மை போட்டதுபோல் இருந்தது. முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரு வேலை இது?"

"நான்தான் சார். கட்டினவங்க முன்னால வந்து சொல்லணும்னு உங்க விதி. என் டம்ளர்ல கட்டினவங்க இன்னும் வரலை. நான் வந்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? என்ன குறைன்னு கட்டியிருக்கே?"

"நான் தொட்டதுங்கறதுதான் குறை. டம்ளருக்கும் நாற்காலிக்கும் தாழ்ப்பாளுக்கும் அதே குறைதானே? ஆனா கட்டினவங்க வேலை அரைகுறை சார். இந்த வாரம் தொட்டதுக்கு மட்டும் கட்டினா எப்படி? பதினோரு வருஷத்துக்கும் சேத்துக் கட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி."

"என்ன பாக்கி?"

"நீங்க போட்டிருக்கற பேண்ட்டு. போன மாசம் இடுப்புப் பட்டன் அறுந்துதுன்னு கொடுத்தீங்களே, நான்தான் தைச்சேன். நான் கட்டட்டுமா, நீங்களே கட்டிக்கறீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முதலாளி அறியாமல் இடுப்பில் கை வைத்தார், பிறகு கையைப் பார்த்தார், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"அதிலயும் இருக்கு சார்," என்றாள் அக்கா. அவர் எழுந்துவிட்டார்.

அவள் தன் டம்ளரை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இப்ப இதுக்கு வருவோம். கட்டினவங்க குறையச் சொல்லுங்க. என் முகத்தைப் பாத்து."

அவள் டேப்பம்மா எதிரில் போய் நின்றாள்.

"மேடம், நீங்கதான் ஆஸ்பத்திரியில பாத்தீங்க. சொல்லுங்க."

"எனக்கெதுக்குடி வம்பு? உனக்குத்தான்... அந்த... அது இருக்குல்ல."

"எது?"

"அதான், அந்த நோய்."

"பேரே இல்லாமயா போர்டு வச்சிருக்காங்க? எட்டு அடி போர்டு. படிச்சீங்கல்ல?"

டேப்பம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் குழாய்ச் சத்தம் இல்லாமல் அக்காவும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. காது தன்னால் தண்ணீர்ச் சத்தத்தைத் தேடியது. கிடைக்கவில்லை.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு," என்றாள். "காதுல விழாதவங்களுக்கு இன்னொரு தடவை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பல்லு எல்லாம் நல்லா இருக்கு."

கூரை விழவில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கூட நின்று பார்க்கவில்லை.

"தினம் மாத்திரை போடறேன். ஒரு நாள் விட்டதில்லை. ரத்தத்துல தேடினா கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு. அப்படி இருந்தா படுக்கையில புருஷனுக்கே பரவாதுன்னு டாக்டர் சொல்றார், என் புருஷனுக்கு இன்னிக்கு வரைக்கும் பரவலை. அப்புறம் உங்க டம்ளருக்குப் பரவுமா? நாற்காலிக் காலுக்குப் பரவுமா? அந்த அறை டாக்டர் போட்டிருக்காரே கோட்டு, அது இங்க தைச்சது. பட்டன் நான் வச்சது. அவர் என் நாடியப் பிடிச்சுப் பாக்கறார். நர்ஸ் என் தோள்ல கை போட்டுப் பேசுது. அவங்களுக்கு இல்லாத பயம், அவங்களுக்குக் கோட்டு தைக்கற உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"எல்லாம் சரி," என்றாள் டேப்பம்மா, இழந்த இடத்தை எப்படியாவது பிடிக்கவேண்டுமே, "அது எப்படி வந்துச்சு உனக்கு?"

"உங்களுக்குச் சர்க்கரை வந்தப்போ, யார் வீட்டு விருந்துல வந்துச்சுன்னு நான் கேட்டேனா மேடம்? 'வேளைக்குச் சாப்பிடுங்க'ன்னுதானே சொன்னேன்? எனக்கும் அதைச் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இன்னிக்கும் கிடையாது, என்னிக்கும் கிடையாது."

சுவர் ஓரமாக நின்ற காலர்க்காரி மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா... ஒண்ணு கேக்கவா? நமக்கு ஊசி குத்தும்ல. அப்ப?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் போகவில்லை, கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. "இதை நான் டாக்டர்கிட்ட முதல் நாளே கேட்டுட்டேன். தைக்கற ஊசியால வராது, தைரியமா வேலை செய்னு சொன்னார். குத்தின ஊசியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டறது இங்க எல்லாருக்கும் உள்ள பழக்கம், நானும் அதைத்தான் பண்றேன். இதைத் திங்கக்கிழமையே கேட்டிருந்தீன்னா அந்த இரும்பை இழுத்து இடுப்பைப் பிடிச்சிருக்க வேண்டாமேடி."

சீக்கிரமே வந்துவிட்ட வேன் வாசலில் ஹார்ன் அடித்தது. முதலாளி வாட்சைப் பார்த்தார், கோட்டு மூட்டைகளைப் பார்த்தார், சுவரில் தன் கையெழுத்திலேயே இருந்த விதியைப் பார்த்தார்.

"அவிழ்த்துடும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"நான் அவிழ்க்க மாட்டேன். நான் தொட்டது குறைன்னு நினைக்கறவங்க முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். குறை இல்லைன்னு நினைக்கறவங்க அவங்க கையாலயே அவிழ்க்கட்டும். கத்தரிக்கோல் கூடாது, கோட்டுல வெட்டு விழும்."

முதலில் வந்தது மாஸ்டர். ஒரு கோட்டை எடுத்து நகத்தால் முடிச்சைப் பிடித்துப் பார்த்தார். பொத்தானக்கா போட்ட முடிச்சு நகத்துக்கு மசியாது. ஊரில் யாருடைய பட்டன் அறுந்தாலும் அவள் வைத்தது அறுந்ததில்லை. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நூலைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அதன் பிறகு காலர்க்காரி. கண்ணில் நீர் முட்ட, முயல் புல் கடிப்பதுபோல் கடகடவென்று கடித்துத் தள்ளினாள். "அழாம கடி, கோட்டுல கறை விழும்," என்றாள் அக்கா. ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாளி கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தார், வழுக்கியது. வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவரும் பல்லை வைத்தார். நாற்பத்து நாலு பல் பிடுங்கிய பொய்க்கு அன்றைக்குக் கூடமே பல்லால் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. டேப்பம்மா மட்டும் தலை வலிக்கிறதென்று வீட்டுக்குப் போய்விட்டாள். கழுத்து டேப் இல்லாமல் அவள் கூடத்துக்குள் நடந்ததை அன்றுதான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கடைசி மூட்டை ஏறியதும் அக்கா நாலாக மடித்த காகிதத்தை முதலாளியிடம் கொடுத்தாள். அதன் மூலையிலும் ஒரு முடிச்சு.

"இதுல குறை இருக்கு சார். முகத்தைப் பாத்தே சொல்றேன். நான் விலகலை. நீங்கதான் மூணு நாளா விலகி நின்னீங்க."

அவர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்தாரா என்று தெரியாது. திங்கட்கிழமை அவளை யாரும் போகச் சொல்லவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. காலர்க்காரியின் மிஷின் இரண்டு முழம் திரும்பி வந்தது, அதே அலறலோடு. இரண்டு பேர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள், டேப்பம்மா அதில் ஒருத்தி. அக்கா டம்ளரில் இருந்த முதல் முடிச்சை மட்டும் யாரும் தொடவில்லை. அவளும் அவிழ்க்கவில்லை. தினம் டீ நேரத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு கட்டினது?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். இன்றைக்கும் பதில் இல்லை. நூல் வெளுத்துவிட்டது. கேள்விதான் வெளுக்கவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. அக்கா லீவு நோட்டைக் கேட்டாள்.

"பல்தானே?" என்றாள் டேப்பம்மா, கண்ணைத் தூக்காமல். "நானே எழுதிக்கறேன்."

"கொடுங்க மேடம். எனக்கு எழுதத் தெரியும்."

மறுநாள் காலை எல்லோரும் மிஷின் முன்னால் நின்றார்கள். டேப்பம்மா நோட்டை விரித்துப் படித்தாள். ஒருத்தருக்குத் தங்கை கல்யாணம். ஒருத்தருக்கு வீடு மாற்றுவது. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றாள். தொண்டையைக் கனைத்தாள். அக்கா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"பட்டன் பிரிவு, வெள்ளிக்கிழமை ஒரு நாள். காரணம்..." மீதியை டேப்பம்மா கழுத்து டேப்புக்குள் சொன்னாள்.

"காதுல விழலை மேடம்," என்றாள் காலர்க்காரி.

"எனக்கும்," என்றார் மாஸ்டர்.

டேப்பம்மா ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். வேறு வழியில்லை, காரணத்தைச் சத்தமாகப் படிக்கவேண்டும் என்பதும் சுவரில்தான் ஒட்டியிருந்தது.

"எச்.ஐ.வி. மாத்திரை வாங்க," என்று படித்தாள். இந்தத் தடவை வேன்காரருக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை பட்டன் யார் பாத்துக்கறது?" என்று கேட்டார் மாஸ்டர்.